கூடத்து நாற்காலிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

புரட்டாசி முதல் தை வரை பண்டிகை கொண்டாடும் வீடுகளின் கணவன்மார்களுக்கு,



ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் சமயத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் நடைபாதையில் பொம்மைக் கடைகள் வந்து உட்காரும். சாயங்காலம் அங்கே வரும் தம்பதிகளைச் சற்று நேரம் கவனித்தால், ஒரே நாடகம் வேறு வேறு நடிகர்களோடு நடப்பது தெரியும். மனைவி குந்தி உட்கார்ந்து தசாவதாரம் செட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். பரசுராமரின் கோடரி முனை உடைந்திருக்கிறதா, வாமனரின் குடையில் சாயம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சோதிக்கிறார். கடைக்கார அம்மாளிடம் பேசிப் பேசியே விலையைக் கீழே இறக்குகிறார். கணவர் இரண்டடி தள்ளி, வண்டிச் சாவியை விரலில் சுழற்றியபடி நிற்கிறார். நாடகம் முழுக்க அவருக்கு ஒரே ஒரு வசனம்: "முடிஞ்சுதா?"

அந்த வசனத்தைப் பேசுகிறவர்களுக்குத்தான் இந்த மடல். குற்றப்பத்திரிகை வாசிக்கும் உத்தேசம் அதிகம் இல்லை. (கொஞ்சம் உண்டு. அதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.) சொல்ல வந்த விஷயம் வேறு. புரட்டாசியில் நவராத்திரி, ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் தீபம், அப்புறம் மார்கழி, தைப்பொங்கல் என்று நான்கு மாதம் நீளும் இந்தப் பருவத்தில், ருசியான பகுதி பண்டிகைக்கு முந்தின நாட்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. கடை கடையாக அலைவதும், வெட்டி ஒட்டுவதும், பாகு காய்ச்சிவிட்டுப் பதம் தப்பிவிட்டதோ என்று கிண்ணத்துத் தண்ணீரை எட்டிப் பார்ப்பதும் அப்போதுதான். பண்டிகையன்று கூடத்து நாற்காலியில் அமர்ந்து தட்டை வாங்கிக்கொள்கிறவர், கச்சேரி முடிந்து மங்களம் பாடும்போது உள்ளே நுழைகிறவர்.

இப்போது அந்தக் குற்றப்பத்திரிகை. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள்; செய்த ஆண்கள் 97 நிமிடம். செய்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்னும் சங்கடமான கணக்கு: ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81 சதவீதம், ஆண்களில் 26 சதவீதம். 2024இல் மறுபடி எண்ணினார்கள். பெண்களுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88 நிமிடம். மனைவிக்குப் பத்து நிமிடம் மிச்சமான அதே காலத்தில் கணவருக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தை மனைவிக்கு மீட்டுத் தந்தது மிக்ஸியோ, வாஷிங் மெஷினோ, ஓட்டல் பொட்டலமோ யார் கண்டது? கணவராக இருக்க மட்டும் வழியில்லை. இதெல்லாம் எல்லா நாட்களுக்குமான சராசரி. தீபாவளிக்கு முந்தின வாரத்தை மட்டும் யாராவது தனியாக எண்ணினால் வரும் வித்தியாசத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

நாற்காலி யாருக்கும் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருவதில்லை. கொலு வைக்கும் வீடுகளில் வளர்ந்த ஆண்களைக் கேட்டுப் பாருங்கள். படிகளுக்குப் பக்கத்தில் 'பார்க்' கட்டுவது அநேகமாகப் பையன்கள் வேலை. நாலைந்து நாள் முன்பே கடுகையும் கேழ்வரகையும் ஊறவைத்து ஈரமணலில் தூவிவிடுவார்கள். நவராத்திரி தொடங்கும்போது அது வயலாகவும் புல்வெளியாகவும் எழுந்து நிற்கும். உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி குளமாகும், அதன் விளிம்பை மணல் மூடும். தெர்மோகோலை வெட்டிச் சாயம் பூசினால் பழனிமலை. மேலே ஏறுவதற்குத் தீக்குச்சிப் படிகள். சாவி கொடுத்தால் ஓடும் ரயில் ஒன்று மலையைச் சுற்றி வரும். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் படி கட்டுவதும் அப்படித்தான்: டிரங்குப் பெட்டி, பெஞ்சு, மண்ணெண்ணெய் டின், மேலே தாத்தாவின் எட்டு முழ வேட்டி. பெட்டியையும் பெஞ்சையும் மட்டத்துக்குக் கொண்டுவர எத்தனை பழைய பாடப்புத்தகங்கள் அடியில் போயின என்பதைச் சொன்னால் ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள்.

இவ்வளவு செய்த பையன் எப்போது உட்கார்ந்தான்? சந்தேகம் தலை தீபாவளி மீது விழுகிறது. மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை எழுந்து ஒரு டம்ளரை நகர்த்தினாலும் பத்துப் பேர் பதறுவார்கள். "நீங்க உக்காருங்க மாப்ளே." உபசாரம் ஒரு நாளைக்கு என்று மாமியார் நினைக்கிறார். மாப்பிள்ளை அதை ஆயுள் நியமனம் என்று எடுத்துக்கொள்கிறார்.

மறுபடி எழுவதற்கு நல்ல இடம் ஒரு பயணம்தான். சமையலறையில் தொடங்க வேண்டியதில்லை. பொம்மை செய்கிற ஊருக்கே இரண்டு பேரும் போய்வரலாம். மதுரைக்காரர்களுக்கு அது திருப்பரங்குன்றம் பக்கத்திலுள்ள விளாச்சேரி. சென்னைக்காரர்களுக்குக் காஞ்சிபுரம். பட்டுப்புடவை எடுக்க அங்கே போகிற தம்பதிகளில் பெரும்பாலோர் கடையும் கோயிலுமாகத் திரும்பிவிடுகிறார்கள். சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம், அஸ்தகிரி தெரு என்று ஒன்று உண்டு. ஊரார் வாயில் அது பொம்மைக்காரத் தெரு. கடலூர்க்காரர்களுக்கு வண்டிப்பாளையமும் பண்ருட்டியும் இருக்கின்றன.

இந்த ஊர்களில் பொம்மை என்பது வீட்டுத் தொழில். திண்ணையில், முற்றத்தில், மாடியில் எங்கும் தலையில்லாத கிருஷ்ணர்களும் சாயம் ஏறாத சரஸ்வதிகளும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருப்பார்கள். மண் பொம்மைக்கு அச்சு இரண்டு பாதி: முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பிசைந்த களிமண்ணை இரண்டிலும் அழுத்தி, ஒட்டி, மேல்பூச்சு கொடுத்து நிழலில் உலர்த்திப் பிறகு சூளையில் அடுக்குகிறார்கள். காஞ்சிபுரத்துக் காகிதக்கூழ் பொம்மைக்குச் சூளை வேண்டாம். கூழை அச்சில் அழுத்தி, வெயிலில் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளைப் பூச்சு கொடுத்தால் சாயத்துக்குத் தயார். கடைசியாக எழுதுவது கண். கடையில் வாங்கும்போது எடையையும் ஒலியையும் வைத்தே எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். கையில் எடுத்தால் காகிதக்கூழ் லேசாக இருக்கும். சுட்ட மண்ணை விரலால் சுண்டினால் கணீரென்று சொல்லும். பிளாஸ்டர் பொம்மை மந்தமாக ஒலிக்கும்.

இந்தத் தொழிலுக்குப் பெரிய எதிரி மழை. ஈரக்காற்றில் பொம்மை காயாது, சாயம் பிடிக்காது. ஆகவே கொலுவுக்கான வேலையைப் பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள். கிருஷ்ண ஜயந்தி, விநாயகர் சதுர்த்தி, கொலு, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான குழந்தை இயேசுவும் இடையர்களும் ஆட்டுக்குட்டிகளும் என்று விளாச்சேரியின் ஆண்டு இப்படிச் சுழல்கிறது. அங்கே ஒரு வீட்டில் அரைமணி நேரம் நின்றால் கண்ணில் படுவது இன்னொன்று: கணவன் மனைவி இருவருக்கும் வேலை இருக்கிறது. ஒருவர் அச்சில் அழுத்தினால் இன்னொருவர் பிசிறு நீக்குகிறார், ஒருவர் அடித்தளச் சாயம் பூசினால் இன்னொருவர் நகை எழுதுகிறார். அங்கே நாற்காலியும் இருக்கும். அதன்மீது பொம்மை காய்ந்துகொண்டிருக்கும்.

கொலுப்படியிலேயே இரண்டு தம்பதிகள் இருக்கிறார்கள் என்பதைக் கணவன்மார்கள் கவனித்ததுண்டா? முதலாவது மரப்பாச்சி ஜோடி. செம்மரத்தில் செதுக்கிய ஆணும் பெண்ணும். மணப்பெண்ணோடு பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீடு வருகிறவர்கள். மேல்படியில் ஓர் இடம் அவர்களுக்கு நிச்சயம். இன்று செம்மரத்துக்குச் சட்டக் கட்டுப்பாடுகள் அதிகம் என்பதால், கடைகளில் வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றிய ஜோடிகளும் நிறைய வருகின்றன. இரண்டாவது ஜோடி செட்டியாரும் அவர் மனைவியும். இருவரும் மளிகைக்கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் கிண்ணங்களில் அரிசியும் பருப்பும் நிஜமாகவே இருக்கும். ஒன்பது நாளும் வியாபாரத்தில் அவர்கள் சமபங்கு. தொந்தி பெரிது என்றாலும் செட்டியார் கடையை விட்டு எழுந்து போய்ப் பேப்பர் படிப்பதில்லை.

அந்த மரப்பாச்சி ஜோடிக்கு உடை தைப்பது, கணவன் மனைவி சேர்ந்து உட்கார்ந்து செய்யச் சரியான அளவிலான கைவேலை. தையற்காரர் வீசும் பட்டுத்துண்டு, ஜரிகை, ஃபெவிகால், சின்னக் கத்தரிக்கோல் போதும். ஆண் பொம்மைக்குப் பஞ்சகச்சம் கட்டுவதில்தான் திறமை வெளிப்படும். மரத்தில் கால்கள் பிரியாமல் ஒட்டியிருக்கும். கச்சத்தைக் கொசுவி முன்னும் பின்னும் ஒட்டி, கட்டியதுபோல ஏமாற்ற வேண்டும். தன் கல்யாணத்தன்று புரோகிதர் கட்டிவிட்ட பஞ்சகச்சம் எந்தப் பக்கம் போய் எந்தப் பக்கம் வந்தது என்பதைப் பலர் முதல்முறையாக யோசிக்கும் நேரம் அது. பெண் பொம்மைக்கு மடிசாரா, கண்டாங்கியா என்ற விவாதம் ஒரு மாலைப்பொழுதைத் தாராளமாக விழுங்கும்.

சுண்டலுக்கு வருவோம். வெள்ளைக் கொண்டைக்கடலை, கறுப்புக் கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, மொச்சை, பாசிப்பயறு, கடலைப்பருப்பு என்று ஒன்பது நாளுக்கு மாறி மாறி வரும். வெள்ளிக்கிழமை புட்டு, சனிக்கிழமை எள் சேர்த்த ஏதாவது ஒன்று என்பது பல வீட்டு வழக்கம். தாளிப்பது அரைமணி வேலைகூட இல்லை: கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை, இறக்கும்போது தேங்காய்த் துருவல். பட்டாணி என்றால் மாங்காய்ப் பல்லும் சேரும். இதைச் செய்துகொடுத்துவிட்டு, "இன்னிக்கு சுண்டல் நான்தான் பண்ணினேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் அறிவிக்கும் கணவர்கள் உண்டு. ஆனால் சுண்டலின் கஷ்டம் தாளிப்பில் இல்லை. முந்தின இரவு பத்து மணிக்கு, தூக்கம் சொக்கும்போது, "நாளைக்கு மொச்சை, இப்போதே ஊறப்போட வேண்டும்" என்று யாருக்கு ஞாபகம் வருகிறதோ அவரிடம் இருக்கிறது. எட்டுமணி நேரம் ஊறாத மொச்சையை எந்தக் குக்கரும் காப்பாற்றாது. ஒன்பது இரவும் அந்த ஞாபகத்தைச் சுமப்பது ஒரே தலை. தாளிப்பைவிட அந்தச் சுமையை வாங்கிக்கொள்வது மேல். செல்பேசியில் இரவு ஒன்பதரைக்கு ஒரு அலாரம் வைத்தால் முடிகிற காரியம்.

வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ரவிக்கைத்துணி, சின்ன எவர்சில்வர் கிண்ணம் என்று வருகிறவர்களுக்குத் தாம்பூலம் எடுத்துவைப்பதிலும் இதே சுமை உண்டு. யார் வீட்டுக்குப் போயாயிற்று, யார் வரவில்லை, போன வருஷம் யார் என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் எந்த நோட்டிலும் எழுதப்படுவதில்லை. அடுத்தவர் வீட்டுக் கொலுவுக்குக் கணவர் கூடப் போவது அபூர்வம். போனாலும் வாசலோடு நின்றுவிடுகிறார். உள்ளே போய்ப் பார்த்தால் சென்னையில் கைவேலைக்குப் பஞ்சமில்லை என்று தெரியும். சந்திரயான் ஏவுதளமும், கிரிக்கெட் மைதானமும், மெட்ரோ ரயிலும் படியோரம் வந்துவிட்ட காலம் இது.

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்துக்கட்ட வேண்டும். வைக்கும்போது இருக்கும் கூட்டம் எடுக்கும்போது இருக்காது. ஒவ்வொரு பொம்மையாகப் பழைய செய்தித்தாளிலோ மல்துணியிலோ சுற்றி, கனமானது அடியிலும் லேசானது மேலிலுமாக அட்டைப்பெட்டியில் அடுக்கி, பெட்டிமீது உள்ளே என்ன இருக்கிறது என்று மார்க்கரில் எழுதி, பரணில் ஏற்ற வேண்டும். பரணில் ஏற்றுவது மட்டும் கணவருடையது என்ற ஒப்பந்தம் பல வீடுகளில் இருக்கிறது. எழுதும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டால், அடுத்த வருஷம் "கல்யாண செட் எங்கே?" என்று ஏழு பெட்டியைப் பிரிக்கும்போது திட்டுவதற்கு வேறு ஆள் தேட வேண்டியதில்லை.

தீபாவளி பட்சணத்தில் முறுக்கையும் மிக்சரையும் விட்டுவிடலாம். கணவர் கற்க வேண்டியது அதிரசம். காரணம் கௌரவம் இல்லை. அதற்கு உண்மையிலேயே நான்கு கை வேண்டும். மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். முழுக்கக் காய்ந்துவிடக் கூடாது. கையில் அள்ளினால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. அந்தப் பக்குவத்தில் அரைத்துச் சலித்து, ஈரம் போகாமல் அழுத்தி மூடிவைக்க வேண்டும். ஒரு கிலோ அரிசிக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வெல்லம். பாகு வெல்லமா என்று கேட்டு வாங்குவது முக்கியம். கறுத்த, மண் கலக்காத வெல்லம்.

பாகு வைத்த பிறகு யாரும் எங்கும் போகக் கூடாது. ஒருவர் கிளறிக்கொண்டிருக்க, மற்றவர் கிண்ணத்தில் தண்ணீரோடு பக்கத்தில் நிற்கிறார். ஒரு சொட்டு விட்டால் முதலில் கரைந்துவிடும். பிறகு கரையாமல் அடியில் பரவும். அதன்பின் ஒரு நொடியில், விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு நிற்கும். அதுதான் பதம். தாண்டினால் அதிரசம் கல்லாகும். முந்தினால் எண்ணெயில் பிரிந்து போகும். இறக்கியவுடன் ஏலக்காய், சுக்கு, எள் சேர்த்து, ஒருவர் மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட மற்றவர் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். பாகு இறுகிக்கொண்டே வரும், கை கடுக்கும், தோள் வலிக்கும். இந்த இடத்தில் நிறுத்தவும் முடியாது, ஆள் மாற்றவும் முடியாது. மாவு ஒரு நாளாவது ஊற வேண்டும்; இரண்டு மூன்று நாள் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு நெய் தடவிய வாழையிலையில் தட்டி, மிதமான தீயில் பொரித்து, எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிய வேண்டும். தட்டுகிறவர் ஒருவர், பொரிக்கிறவரும் பிழிகிறவரும் இன்னொருவர். தனியாக ஒரு பெண்மணி இதையெல்லாம் செய்து முடித்திருக்கிறார் என்றால், அந்த அதிரசத்தைக் கடிக்கும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

"சமையல் நமக்கு வராது" என்ற வாதம் இங்கே நிற்காது. சமையலுக்கு நம்மிடமுள்ள இரண்டு பெரும் பெயர்களே நளனும் பீமனும். கல்யாணச் சமையலில் சென்னை முழுக்க அறிந்த பெயர் 'அறுசுவை அரசு' நடராஜன். ஊரறிய, சம்பளத்துக்கு என்றால் ஆணுக்குச் சமையல் நன்றாகவே வருகிறது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' புத்தகத்தை வெளியிட்டபோது, ஒன்றும் தெரியாதவர்களும் படித்துச் செய்யும்படி அளவும் முறையும் போட்டு எழுதினார். படி, ஆழாக்கு, பலம் என்ற கணக்கு இன்று கொஞ்சம் மிரட்டும். மற்றபடி தெளிவில் குறைவே இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தப் புத்தகத்தைக் கல்யாணப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார்கள்.

கார்த்திகை தீபத்துக்கு வேலை கொஞ்சம்தான். புது அகல்களை ஒரு நாள் முன்பே தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்தி வைத்தால், விளக்கு எண்ணெயைக் குடிக்காது. பொரி உருண்டைக்கு மறுபடி பாகு. அதிரசத்தில் தேறியவருக்கு இது விளையாட்டு. ஆனால் சூடு ஆறுமுன் உருட்டியாக வேண்டும். கையில் அரிசிமாவு தொட்டுக்கொண்டு இருவருமாக உட்கார்ந்தால் ஒரு படி பொரி பத்து நிமிடத்தில் உருண்டையாகிவிடும்.

மார்கழிக்கு வேறு ஒரு தம்பதியை அறிமுகப்படுத்த வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியராகவும், அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியராகவும் இருந்தார்கள். ராணி, கோட்பாட்டுக் கணினியியலில் உலகம் அறிந்த பெயர். வாசலில் பெண்கள் போடும் கோலத்தை இருவரும் பார்த்தது கணிதக் கண்ணால். ஒரு கோலத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்தால், அவற்றை எழுத்துகளாகவும், சேர்க்கும் விதிகளை இலக்கணமாகவும் கொள்ள முடியும். சின்னக் கோலத்திலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலம் பிறப்பது அந்த இலக்கணத்தால்தான். கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து இருவரும் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1974இல் ஒரு சர்வதேச இதழில் வந்தது. இன்றும் கோலத்தைக் கணினியில் வரைய முயல்கிறவர்களில் பலர் அங்கிருந்து தொடங்குகிறார்கள். கிஃப்ட் 1988இலும் ராணி 2019இலும் மறைந்தார்கள். ஒரு வீட்டின் உரையாடல் வாசற்படியில் தொடங்கி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

கட்டுரை எழுத வேண்டாம். விடியற்காலை ஐந்தரைக்கு மனைவியோடு எழுந்து, புள்ளி வைத்தால் போதும். நேர்ப்புள்ளி எளிது. ஊடுபுள்ளியில் ஒரு வரிசையின் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழ வேண்டும். வரைபடத்தாள் பழகிய எஞ்சினியர்கள் இதில் ஏனோ தடுமாறுகிறார்கள். சிக்குக் கோலத்தில் கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல் வளைந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். அதைப் பத்து நாள் பார்த்தால் பதினோராம் நாள் கை தானே அரிசிமாவுக் கிண்ணத்துக்குப் போகும். தெருவில் யாராவது பார்த்துச் சிரிப்பார்கள் என்ற கூச்சத்துக்கு மருந்து, இன்னும் ஐந்து நிமிடம் முன்னதாக எழுவது.

மார்கழியில் வெளியே போக இடமா இல்லை? 2017இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சேர்த்தது. 1928இல் தொடங்கிய மியூசிக் அகாதெமி முதல் பேட்டை சபாக்கள் வரை டிசம்பர் முழுக்கக் கச்சேரி. பிற்பகல் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. நாளைய நட்சத்திரங்கள் பாடுவது அப்போதுதான். அரங்குக்குள் போகாமல் கேன்டீனுக்கு மட்டும் போகும் ரசிகர்களை யாரும் தடுப்பதில்லை. இலைச்சாப்பாடு ஒரு நாள், கீரை வடையும் காபியும் ஒரு நாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு ஓய்வெடுக்கும். பக்கத்திலேயே இன்னொரு செலவும் காத்திருக்கிறது: 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் கண்காட்சி. அங்கே 'முடிஞ்சுதா' வசனம் கட்சி மாறி, மனைவியின் வாயிலிருந்து வருவதாகக் கேள்வி.

பொங்கலில் ஒரு விசேஷம் கவனிக்கத்தக்கது. மாட்டுப்பொங்கல் காலை, பல வீடுகளில் பெண்கள் மஞ்சள் இலையில் கலர் கலராகச் சாத உருண்டைகளை வைத்துக் காக்கைக்குக் கனுப்பிடி இடுகிறார்கள். உடன்பிறந்த ஆண்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அந்நேரத்தில் வேறொரு வீட்டுக் கூடத்தில், வேறொரு நாற்காலியில் காபிக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த நாள் காணும் பொங்கல். மெரினாவோ, வண்டலூரோ, மாமல்லபுரமோ, எங்கே போனாலும் கூட்டம் உண்டு. கட்டுசாதக் கூடையும் உண்டு. புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே கிளறி வைத்துவிடலாம். நல்லெண்ணெய் தாராளமாக, வெந்தயமும் பெருங்காயமும் வறுத்துப் பொடித்துக் கடைசியில். தயிர்சாதத்தில் பாலைக் கூடுதலாகவும் தயிரைக் குறைவாகவும் கலந்தால் மத்தியானம் வரை புளிக்காது. உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய், ஆளுக்கொரு கரும்புத் துண்டு. கூடையைத் தூக்கும் கௌரவத்தைக் கணவர் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை, வாழ்க. வீடு திரும்பும்போது இரவு எட்டு மணி ஆகிவிடும். எண்ணெய் படிந்த புளியோதரை டப்பாவும், தயிர் ஒட்டிய எவர்சில்வர் தூக்கும் அன்றிரவே கழுவப்படாவிட்டால் மறுநாள் வாடை போகாது. பாத்திரம் தேய்க்கும் நார் எங்கே இருக்கிறது என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க வேண்டாம். குழாய்க்கு வலதுபக்கம், சோப்பு டப்பாவுக்குப் பின்னால்.

இப்படிக்கு,
பரணிலிருந்து பெட்டி இறக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் வீடுகளின் சார்பில்.